முப்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

2011இல் என்னிடம் பத்தாம் வகுப்பு கணக்குப் படித்த செட்டுக்கு இப்போது முப்பது வயதாகிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். கிரகப்பிரவேசப் படம், புது வண்டிப் படம், பாப்பாவுக்கு மொட்டை போட்ட படம் எல்லாம் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் தனியாகப் போன் பண்ணுகிறவர்கள் பேசுவது வேறு. "டீச்சர், ஆஸ்பத்திரிக்குக் கட்டணும், ஒரு இருபதாயிரம் கிடைக்குமா?" இந்த வருஷத்தில் மட்டும் நாலு பேர். நாலு பேரும் சோம்பேறிகள் இல்லை, குடிகாரர்களும் இல்லை. மாதம் 25, 30 ஆயிரம் சம்பாதிக்கிற பிள்ளைகள். அதனால்தான் எழுதுகிறேன். என் அண்ணன் பிள்ளைகளும் கொழுந்தனார் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

"டீச்சருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும், சொல்வது சுலபம்" என்று நினைப்பீர்கள். நியாயம்தான். 2003 ஏப்ரலுக்கு முன்னால் அரசு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். எங்கள் தலைமுறை தெரிந்துகொள்ளாமலே காலம் தள்ளிய பல விஷயங்களை நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. நாளைக்கே சம்பளம் நின்றுவிட்டால் வீடு எத்தனை நாள் ஓடும்? வாடகை, அரிசி பருப்பு, பால், கரண்ட், பிள்ளை ஃபீஸ், அம்மா மாத்திரை, வண்டித் தவணை எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை முப்பதால் வகுத்தால் ஒரு நாள் செலவு. கையில் இருக்கும் பணத்தை அந்த எண்ணால் வகுங்கள். நகை, இடம், வண்டி எதையும் சேர்க்கக் கூடாது, நாளைக்குப் போய் எடுக்க முடிகிற பணம் மட்டும். போன மாதம் ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தான். விடை பதினொரு நாள். அவன் பெயரில் மூன்றரை சென்ட் இடமும் ஒரு காரும் இருக்கின்றன.

விடை தொண்ணூறு நாள் வரும்வரை புதுத் தவணை எதுவும் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. வங்கியில் மாதம் இரண்டாயிரம் ஆர்.டி. போட்டால் கூட மூன்று வருஷத்தில் 72,000 அசல் சேர்ந்திருக்கும். வட்டி குறைவுதான். இந்தப் பணத்தை வட்டிக்காக வைக்கவில்லை.

அடுத்தது பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு. சம்பளம் 21,000 வரை இருக்கும்போது ஈஎஸ்ஐ உண்டு. உங்களிடம் 0.75 சதவீதம் பிடித்து, கம்பெனி 3.25 சதவீதம் போட்டுக் கட்டுகிறது. மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மா எல்லோருக்கும் வைத்தியம் அதில் அடங்கும். டிஸ்பென்சரியில் கூட்டம், மாத்திரை சரியில்லை என்று குறை சொல்வீர்கள், பெரிய ஆபரேஷன் வரும்போதுதான் அதன் அருமை தெரியும். சம்பளம் 21,000ஐத் தாண்டினதும் என்ன ஆகிறது? நடக்கிற ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடிப்பார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். அதன்பின் சில மாதங்களில் வைத்திய உரிமையும் போய்விடும். சம்பள உயர்வுக்குச் சாக்லேட் கொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்த மாதமே குடும்பத்துக்கு மருத்துவ பாலிசி எடுத்தீர்கள்? பெரும்பாலானவர்களுக்கு இது முப்பதை ஒட்டித்தான் நடக்கிறது. அப்பா அம்மாவுக்கு உடம்புக்கு வர ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் தரமாட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரைகூடக் காத்திருக்க வைப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணிப் பிரயோஜனமில்லை. சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

கிரெடிட் கார்டு பற்றி ஒரே ஒரு கணக்கு. நம் ஊரில் மூணு வட்டிக்கு விடுகிறவரைப் பார்த்தால் முகம் சுளிப்போம். கார்டில் பாக்கி வைத்தால் பல வங்கிகள் போடுவது மாதம் மூன்றரை வட்டி. பன்னிரண்டால் பெருக்கி 42 என்று சொல்பவர்களுக்குப் பாதி மார்க்தான். இது கூட்டு வட்டி. 1.035ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 1.51 வரும். கட்டாமல் விட்ட ஒரு லட்சம் ஒரு வருஷத்தில் ஒரு லட்சத்து ஐம்பத்தோராயிரம். வட்டிக்கு ஜிஎஸ்டி தனி. 'மினிமம் டியூ' கட்டுகிறேன் என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள். அவள் அசல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

இனி எழுதப்போவதை, அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் "எழுதுங்க டீச்சர்" என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

என் மாணவன் ஒருவன், கட்டிங் மாஸ்டர். 33 வயதில் மாரடைப்பு. இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு அப்போது ஒன்றரை வயது. அவன் பொறுப்பானவன். வங்கியில் மூன்று லட்சம் டெபாசிட், எட்டு வருஷ பி.எஃப்., கடனென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எங்கே என்ன இருக்கிறது என்று அவன் மனைவிக்குத் தெரியாது. எல்லாம் போனில். போன் அவன் விரலுக்குத்தான் திறக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் போனபோது அவன் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். மே மாதத்தில் 436 ரூபாய் பிடித்திருந்தது. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. வங்கியில் யாரோ சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான், நாமினி மனைவி. அந்த ஒரு வரியால் 2 லட்சம் வந்தது.

டெபாசிட்டுக்கு நாமினி அவன் தம்பி. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. தம்பி போய்ப் பணத்தை எடுத்துவிட்டான். "அண்ணன் எம்பேர்லதானே எழுதியிருக்கான்" என்றான். கெட்டவன் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். வங்கி டெபாசிட்டில் நாமினி என்றால் பணத்தை வாங்கி வைக்கிறவர், அவ்வளவுதான். பணம் வாரிசுகளுக்குச் சொந்தம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவனின் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. இதை அவனுக்குப் புரியவைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. இரண்டு லட்சம் திரும்பி வந்தது. மீதி இன்னும் வரவில்லை. அண்ணி கொழுந்தன் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

பி.எஃப்.பில் நாமினியே போடவில்லை. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைந்தாள். மகனை இழந்த மாமியாரிடம் போய் "இதில் கையெழுத்துப் போடுங்கத்தை" என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. நான் கேட்டேன். அந்தம்மா பேசாமல் போட்டுக் கொடுத்தார். பி.எஃப். பணம் மட்டுமல்ல, வேலையில் இருக்கும்போது இறந்தால் அதே கணக்கில் 7 லட்சம் வரை காப்பீடு உண்டு, மனைவிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மாத ஓய்வூதியமும் உண்டு. இது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரிந்திருக்காது. எல்லாம் கைக்கு வர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் வீடு ஓடியது அவள் வளையலில்.

இதைப் படிக்கிற ஆண் பிள்ளைகள் இன்று ராத்திரியே யுஏஎன் தளத்தில் நாமினி யாரென்று பாருங்கள். கல்யாணமானதும் புதிதாக நியமிக்க வேண்டும், பழையது போதாது. வங்கியிலும் பாருங்கள். ஆயுள் பாலிசி எடுத்தால் மனைவி பிள்ளைகள் பெயருக்கு, 1874ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கிறேன் என்று ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். விழிப்பார், விடாதீர்கள். அப்படி எடுத்த பணத்தில் கடன்காரர் கை வைக்க முடியாது.

பெண் பிள்ளைகளே, கணவர் நல்லவராக இருப்பது வேறு, பாஸ்புக் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிவது வேறு. உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கு இருக்கட்டும். "கேட்டால் தப்பா நினைப்பாரு" என்கிறவர்கள் இந்தப் பதிவைக் காட்டுங்கள். டீச்சர் சொன்னார் என்று சொல்லுங்கள். என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

இடம் வாங்குவது, சீட்டுப் போடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள், பதிவு செய்யாத சீட்டில் சேராதீர்கள். மற்றதை இன்னொரு நாள் எழுதுகிறேன். விரல் வலிக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கணக்கு எண்கள், பாலிசி எண்கள், யுஏஎன், யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது. பாஸ்வேர்டு எழுத வேண்டாம். எங்கள் வீட்டு நோட்டு அரிசி டிரம்முக்கு மேல் அலமாரியில் இருக்கிறது, என் மருமகளுக்குத் தெரியும்.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள் கண்ணு. ஆதார், பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு எடுத்து வாருங்கள். போன வாரம் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கல்யாணச் சான்றிதழே இன்னும் வாங்கவில்லை.