கண்ணாடி மாடமும் ஒரு பெயரும்

இருப்புப்பாதைப் பயணங்களைப் பற்றிப் படிப்பதில் எனக்குத் தீராத விருப்பம் உண்டு. அவ்வாறு படித்தவற்றுள் நெஞ்சைவிட்டு நீங்காதது, அமெரிக்காவின் 'கலிபோர்னியா செஃபர்' தொடர்வண்டி. 1949 முதல் 1970 வரை சிகாகோவுக்கும் ஓக்லண்டுக்கும் இடையே ஓடிய அதன் பெட்டிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. அவற்றுள் சிலவற்றின் கூரைமீது கண்ணாடி மாடம் எழுந்து நிற்கும். 1944இல் சைரஸ் ஆஸ்போர்ன் என்பார் கிளென்வுட் பள்ளத்தாக்கின் வழியே எஞ்சினில் அமர்ந்து சென்றார். ஓட்டுநர் காணும் பேரழகைப் பயணியரும் காணவேண்டும் என எண்ணினார். அவ்வெண்ணமே மாடமாக உருப்பெற்றது. ராக்கி மலையைப் பகலொளியில் கடக்குமாறு கால அட்டவணையும் வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் அப்பெட்டிகள் சிலவற்றைப் புதுப்பித்துச் சுற்றுலாப் பயணங்களுக்கும் பயன்படுத்தினர்.

ஆயினும், அம்மாடத்தைவிட என்னை மிகுதியும் சிந்திக்கவைத்தவர்கள், புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளர்களே. அவர்கள் படுக்கை விரித்தனர்; பெட்டி சுமந்தனர்; காலணியும் துடைத்தனர். பயணியர் பலரோ, முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் அவர்கள் அனைவரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் இருந்தும் அழைப்பார் இல்லை! 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஊதியம் உயர்ந்தது, பணிநேரம் குறைந்தது.

மலையழகைக் காட்டக் கண்ணாடி போதும்; நமக்குப் படுக்கை விரித்தவரைக் காண மனம் வேண்டும். அடுத்த பயணத்தில் நமக்கு உதவுபவரின் பெயரைக் கேட்டறிந்து அழைப்போம்.