வடைச் சட்டியும் டீக் கிளாசும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து டீக்கடையில் அடுப்பு இரண்டு. ஒன்றில் பால் கொதிக்கும்; அதையொட்டித் தூள் போட்ட துணிப்பை தொங்கும் டிக்காஷன் பாத்திரம் இருக்கும். மற்றொன்றில் எண்ணெய்ச் சட்டி. விடியற்காலையில் டீயும் பன்னும் பொறையும்தான். வெயில் ஏறியதும் பருப்பு வடை, உளுந்து வடை. சாயங்காலம் போண்டா, பஜ்ஜி. வருகிறவர் "ஸ்ட்ராங்கா ஒண்ணு", "சக்கர கம்மி" என்று சொல்வதோடு சரி. மாஸ்டர் டீயை ஆற்றி முடிப்பதற்குள் அவர் கை வடைத் தட்டுக்குப் போயிருக்கும். பழைய செய்தித்தாளைக் கிழித்து வடையை அதில் வைத்து அமுக்குவார். காகிதம் கண்ணாடி போல ஆனதும் முதல் கடி. 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அச்சு மை உடம்புக்குக் கேடு என்று எச்சரித்த பிறகும் இந்தப் பழக்கம் முழுக்கப் போகவில்லை.

இந்தக் கடை எப்படி வந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: வெள்ளைக்காரன் சும்மா ஊற்றிக் கொடுத்துப் பழக்கிவிட்டான். என் பாட்டியும் அதைத்தான் சொன்னார். எந்தத் தெருவில், யார் கையால், எத்தனை நாள் ஊற்றினார்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அந்த ஓட்டைதான் என்னைத் தேட வைத்தது.

கதையின் முதல் பாதி உண்மை. 1903இல் தேயிலை ஏற்றுமதி மீது தீர்வை விதிக்கச் சட்டம் வந்தது. அந்தப் பணம் முதலில் வெளிநாட்டுச் சந்தைகளைப் பிடிப்பதற்குப் போயிற்று. பிறகு உள்நாட்டின் பக்கம் திரும்பியது. 1930களில் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் விளம்பரங்கள் போட்டது, ஆட்களை அனுப்பி டீ போட்டுக் காட்டியது, ருசி பார்க்கக் கொடுத்தது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே காப்பி உட்கார்ந்துவிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' இதை விரிவாகச் சொல்கிறது: காப்பி நடுத்தர வர்க்கத்தின் பெருமை ஆயிற்று, டீ உழைப்பாளியின் பானம் ஆயிற்று. உழைப்பாளி தினமும் காசு கொடுத்துக் குடிக்க வேண்டுமென்றால் விலை இறங்க வேண்டும். அதை இலவச டம்ளர் செய்யவில்லை, ஓர் இயந்திரம் செய்தது. 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. முறையில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறார்கள். குருணையில் சாறு சட்டென்று இறங்கும், பால் ஊற்றினாலும் நிறம் நிற்கும், ஒரு கிலோ தூளில் அதிக டீ கிடைக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த முறை பரவியதும் துணிப்பை டீ கட்டுப்படியாயிற்று.

இந்த ஊர்களுக்கு டீ எந்த வழியாக வந்தது என்று பார்த்தால் ரயில் வழி என்றுதான் முதலில் தோன்றும். விழுப்புரம் பெரிய ஜங்ஷன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் பாதை பிரிகிறது. புதுச்சேரிப் பாதை 1879இலேயே வந்துவிட்டது. 1960களில் சென்னையிலிருந்து வந்த மின்பாதை விழுப்புரத்தோடு நின்றது. அதற்குத் தெற்கே போகும் வண்டிகள் இங்கே எஞ்சின் மாற்றியாக வேண்டியிருந்தது. திருச்சி வரை மின்பாதை முடிந்தது 2010இல்தான். எஞ்சின் மாற்றும் நேரம் முழுக்கப் பிளாட்பாரத்தில் கூவி விற்க முடிந்தது. டீ இங்கே இறங்கித்தான் ஊருக்குள் நடந்து போயிருக்கும் என்று நம்பிப் பல நாள் அதையே துருவிக்கொண்டிருந்தேன்.

அந்த வழி ஊருக்குள் போகவில்லை. பிளாட்பாரத்தில் வாங்குகிறவர் மறுநாள் வேறு ஊரில் இருப்பார். டீக்கடையைப் பிழைக்க வைப்பதோ தினமும் வருகிற ஆள்: மூட்டை தூக்குபவர், கொத்தனார், வண்டிக்காரர், கணக்கு எழுதிக் கடன் சொல்பவர். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையின் பழைய வரலாற்றைத் தோண்டினால் கிடைப்பது டீ அல்ல, தடுப்புச் சுவர். பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று தென்னிந்திய ரயில்வேயில் பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் மற்றவர்களும் போராடிய பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது.

தேடலைத் திருப்பிவிட்டவர் திண்டிவனம் செஞ்சி ரோட்டில் நெடுங்காலம் கடை நடத்திய ஒரு பெரியவர். டீயைப் பற்றி என்ன கேட்டாலும் எண்ணெய்க்கே போய்விடுவார். "ஐயா, மொதல்ல டீத்தூள் எங்கேருந்து வாங்குனீங்க?" என்றால், "அத வுடுப்பா. டீ ஆளக் கூப்புடும், அவ்ளோதான். வடதான் கல்லாவ ரொப்பும். மல்லாட்ட எண்ண எப்பிடி வந்துச்சுன்னு கேளு" என்பார். மறுபடி டீக்கு இழுத்தால், புது எண்ணெய் காயும்போது வரும் வாசனையில் தொடங்கிவிடுவார். மாவில் ஒரு சொட்டுக் கிள்ளிப் போட்டால் அது உடனே மேலே எழும்ப வேண்டும். அடியில் தங்கினால் சூடு போதாது, வடை எண்ணெய் குடிக்கும். எழும்பிய கையோடு கருகினால் சூடு கூடிப்போயிற்று. இதைச் சொல்லும்போது அவர் விரல்கள் காற்றில் மாவைக் கிள்ளிக்கொண்டிருந்தன. பேச்சை மாற்றுகிறாரே என்ற எரிச்சல், அவர் சொல்வதுதான் விஷயம் என்று புரிந்ததும் போய்விட்டது.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, தென் அமெரிக்கப் பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய தென்னாற்காட்டின் மானாவாரிச் செம்மண்ணில் அது பரவியது. புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்செய் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பல் ஏறியது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவானதற்கு இந்த மண்ணில் அந்தப் பயிருக்கு இருந்த இடமே காரணம். குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2 ரகம் 1940இல் இங்கிருந்து வெளியாயிற்று. கொத்தாகக் காய்த்து, ஏறக்குறைய நூற்றைந்து நாளில் அறுவடைக்கு வரும் அந்த ரகம், பல பத்தாண்டுகள் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூட வயல்களை நிரப்பியது. உளுந்தும் இந்த மாவட்டத்தின் முக்கியப் பயிர். செக்கெண்ணெயும் உளுந்தும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த ஊரில், மலையிலிருந்து வந்த டீத்தூள் வடைக்குத் துணையாகச் சேர்ந்தது என்று சொல்வதே சரி.

மதுவிலக்குக்கும் இதில் பங்கு இருந்திருக்க வேண்டும். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுக்க விரித்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். ஓமந்தூர் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்தான். கள்ளுக்கடை மூடியதும் சாயங்காலம் கூலி வாங்கியவர் உட்கார ஓரிடம் வேண்டியிருந்தது. "அதுக்கப்புறம்தான் பெஞ்சி போட்டாங்க" என்று பெரியவர் அடித்துச் சொன்னார்.

அந்த பெஞ்சில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டபோது எழுந்து சட்டியைக் கழுவப் போய்விட்டார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலித் மக்களுக்குத் தனிக் கிளாஸ், சில இடங்களில் கொட்டாங்குச்சி. நின்றோ தரையில் உட்கார்ந்தோதான் குடிக்க வேண்டும். குடித்த கிளாசை அவர்களே கழுவி வைக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே எல்லாருக்கும் திறந்துவிட்டது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இரட்டைக் குவளை இருந்தது. பின்னால் சில கடைகளில், ஒரு சாராருக்கு மட்டும் எறிந்துவிடும் கப்பாக உருமாறியது. டீக்கடை எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்தது என்று எழுதுவது சுகமாக இருக்கும். சேர்த்து உட்கார வைத்தது கடை அல்ல. அடி வாங்கியும் வழக்குப் போட்டும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். டீக்கடையின் வரலாற்றை எழுதுகிறவர் டீத்தூளுக்குக் கொடுக்கும் இடத்தைவிட அதிக இடம் இதற்குக் கொடுக்க வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய கப்புக்கும் டீ கட்டிக் கொடுக்கும் பாலித்தீன் பைக்கும் தடை. கண்ணாடி கிளாசும் எவர்சில்வர் தூக்கும் பல கடைகளுக்குத் திரும்பின. எண்ணெய்தான் திரும்பவில்லை. 1994இல் பாமாயில் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு மல்லாட்டை எண்ணெய் சிறு கடைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. இன்று இந்தக் கடைகளின் டீத்தூள் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து வருகிறது; டி.எம்.வி. ரகங்கள் பிறந்த திண்டிவனத்திலேயே வடை வேகும் எண்ணெய் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது.