“எப்படி இருந்தவ தெரியுமா!”

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஏற்காட்டில் எனக்கு நர்சம்மா என்றுதான் பெயர். கிராம சுகாதார செவிலியராக நாகலூர்ப் பக்கமும் மஞ்சக்குட்டைப் பக்கமும் ஏறி இறங்கிய காலத்தில் நான் தடுப்பூசி போட்ட குழந்தைகள் இன்று கல்யாணமாகி, பிள்ளை பெற்று, என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். கொஞ்ச காலமாக ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. பையன் தனியாகத்தான் வருவான். மழை, மிளகு விலை என்று எதையாவது பேசிக்கொண்டிருந்துவிட்டு, காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது சொல்வான்: “கல்யாணத்தப்ப அம்பது கிலோ இருந்தா நர்சம்மா. இப்ப எழுபத்தஞ்சு. எப்படி இருந்தவ தெரியுமா! சொன்னா அழறா. சொல்லாம இருந்தா எனக்கு எரிச்சலா வருது.”

பெண்களும் வருவதுண்டு. புருஷனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது என்று சொல்ல வருகிறவள், “அவருக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு” என்பாள். பையன்கள் “எப்படி இருந்தவ” என்பார்கள். கண்ணு, இந்த வித்தியாசத்தைத்தான் நீ முதலில் யோசிக்க வேண்டும். உன் கவலை அவளுக்காகவா, உன் கண்ணுக்காகவா? இரண்டும் கலந்திருந்தாலும் தப்பில்லை. எது எவ்வளவு என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவளுக்கு அது தெரியும். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும்.

அன்பிருந்தால் போதும், உடம்பில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. உடம்பில் நிறைய இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கினேன். நான் சொல்ல வந்தது வேறு. ஒருத்தி உடம்பு போட்டால் அவளுடைய வாழ்க்கையில் ஏதோ மாறியிருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இடுப்பைப் பார்த்துப் பேசுகிறவன் பேச்சுக்கு ஒரு கிலோகூடக் குறையாது.

இந்த மலையையே எடுத்துக்கொள். நான் வேலைக்கு வந்த புதிதில் பல ஊர்களுக்குக் கால்தான் வண்டி. மலையாளிப் பழங்குடிப் பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் நடப்பார்கள். சில்வர் ஓக் நிழலில், சரிவில் நின்று, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு நாள் பூராவும் காப்பிப் பழம் பறிப்பார்கள். வீட்டில் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி. அன்று எங்கள் கையிலிருந்த தொங்கு தராசு மெலிந்த குழந்தையைக் கண்டுபிடிக்கத்தான். எடை கூடினால் கொண்டாடுவோம். பிறகு தார்ச்சாலை வந்தது, பைக் வந்தது, 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி வந்தது. அந்த அரிசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது போக்கிய பசியை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் நடை குறைந்து, தட்டில் சோறு மட்டும் மலைபோல் ஏறியது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. அதற்கு நாலைந்து வருஷத்துக்கு முன் எடுத்த ஆய்வில் அது 31. உடனே தலையாட்டாதே, ஆண்கள் கணக்கையும் கேள். 28 ஆக இருந்தது 37 ஆகியிருக்கிறது. உன் பெல்ட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

பெல்ட் என்றதும் என் வீட்டுக்காரர் நினைவுக்கு வருகிறார். காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. கவ்வாத்து நடக்கும்போதும் பழம் பறிக்கும்போதும் ஒரு நாளில் எத்தனை தடவை அந்தச் சரிவில் ஏறி இறங்குவார் என்பதற்குக் கணக்கே கிடையாது. முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கால் நின்றது, பசி நிற்கவில்லை. அடுப்பில் ஆணியைக் காயவைத்து அவரே பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொள்வார். பழைய ஓட்டைகள் ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போயின. அந்தத் தொப்பையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரியில் குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று மூச்சு நின்றுவிடும், பிறகு திணறிக்கொண்டு இழுப்பார். ஒருநாள் காலையில் அதைத்தான் சொன்னேன். “ராத்திரி உங்க மூச்சு நின்னு நின்னு வருது. நான் தூங்காம எண்ணிக்கிட்டுக் கிடக்கறேன். எனக்குப் பயமா இருக்கு.” அத்தனையும் நிஜம். அடுத்த வாரமே பிரஷர் பார்க்க வந்தார். தொப்பை என்று சொல்லியிருந்தால், “எங்கப்பாவுக்கும் இப்படித்தான்” என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போயிருப்பார். நீ அவளிடம் பேசும்போதும் உன் கண்ணில் பட்டதை விட்டுவிடு. அவளுக்கு என்ன கஷ்டம் என்று தொடங்கு. படியேறினால் மூச்சு வாங்குகிறதா, குதிகால் வலிக்கிறதா, தூங்கி எழுந்தும் அலுப்பாக இருக்கிறதா, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? கேட்டுவிட்டுச் சும்மா இரு. பதில் மெதுவாகத்தான் வரும்.

அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கும். தைராய்டு மந்தமானால் உடம்பு கொஞ்சம் கூடும், முடி கொட்டும், குளிர் தாங்காது, எதிலும் மனம் ஒட்டாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரைக்குக் கட்டுப்படும். சினைப்பையில் நீர்க்கட்டி என்கிறார்களே, அதிலும் எடை ஏறும், குறைப்பதும் கடினம். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்கான சில மாத்திரைகள் எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. அதற்காக யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், மாற்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு மனம் சோர்ந்துபோன பெண் சிலசமயம் சாப்பாட்டில் ஆறுதல் தேடுவாள். அது வைத்தியத்துக்குரிய சோர்வு, சோம்பேறித்தனம் கிடையாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினா உடம்பு போட்டுடும்” என்று மலையிலும் சொல்கிறார்கள், அடிவாரத்திலும் சொல்கிறார்கள். அந்த ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் அடைக்கிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை, அது சுரப்பதும் மாறுவதில்லை. எடை கூடுவது ஆபரேஷனால் அல்ல, ஆபரேஷன் நடக்கிற அந்த வயதில் அவள் வாழ்க்கை போகிற போக்கால். இரண்டாவது பிள்ளை பிறந்த வீட்டில் அவள் எப்போது தூங்குகிறாள் என்று பார். என்ன சாப்பிடுகிறாள் என்று பார். பெரியவன் வைத்த மிச்சம், சின்னது துப்பிய மிச்சம், மத்தியானச் சோற்றில் அடியில் நின்றது, எல்லாம் யார் வயிற்றுக்குப் போகிறது? “வீணாப்போகுமே” என்று நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வாள். அதை அவளே சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு எல்லாருக்கும் பரிமாறிவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் தன் தட்டோடு உட்காருவாள். அவளிடம் போய் “தினம் நடந்தா என்ன?” என்று கேட்கிறாய். எந்த நேரத்தில் நடப்பாள், சொல்? விடிகாலைப் பனியிலா, இருட்டினபிறகு ஆளில்லாத எஸ்டேட் பாதையிலா?

ஆகவே முதல் வேலை உன்னுடையது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள். டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போனை நோண்டுவதைச் சொல்லவில்லை. குளிப்பாட்டு, சோறு ஊட்டு, மிச்சத்தை நீயே எடுத்துப் போடு. அந்த ஒரு மணி நேரத்தை அவள் நடக்கவும் வைத்துக்கொள்ளலாம், சும்மா படுக்கவும் வைத்துக்கொள்ளலாம். கணக்குக் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக ஒண்டிக்கடையிலிருந்து லேடீஸ் சீட் வரை நடந்துவிட்டு வாருங்கள், ஏரிக்கரை பஜ்ஜிக் கடையை வாரம் தவறாமல் தேட வேண்டாம். வீட்டில் அவளுக்கென்று தனிச் சமையல், தனித் தட்டு வைக்காதே. நீ பரோட்டா தின்றுகொண்டு அவளுக்குக் கொள்ளுச் சாறு ஊற்றுவது தண்டனை. பானையில் போடும் அரிசியையே ஒரு பிடி குறையுங்கள், காயும் கீரையும் பயறும் எல்லார் தட்டிலும் கூடட்டும். சாமை இன்னும் இந்த மலையில் விளைகிறது. ஆனால் அதையும் அளவோடுதான் தின்ன வேண்டும். சிறுதானியம் என்றாலே மருந்து என்று அள்ளி வைத்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீடே மாற வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறைகளாக மக்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அந்தக் கணக்கை வைத்து 2007இல் வந்த ஆய்வில், கணவன் மனைவியில் ஒருவருக்கு உடல் பருமன் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். இங்கிலாந்தில் வயதானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. எடையைக் காரணமாக்கி மற்றவர்கள் தங்களை மட்டமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்களுக்கு, நாலு வருஷத்தில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடியிருந்தது. அப்படி நடத்தப்படாதவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. “கேலி பண்ணினாத்தான் ரோஷம் வரும்” என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ரோஷம் வரும், உண்மை. ஆனால் அது அவளைத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஒளிய வைக்கும்.

எடை மெஷினையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். நம் ஊர் உடம்புக்கு வயிற்றுச் சதைதான் எமன். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்றளவு போனால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். தையல் டேப் போதும், இரண்டு பேருமே அளந்துகொள்ளுங்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்தில்லாமல், நடை, சாப்பாட்டு மாற்றம் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எனக்கு அதில் பிடித்த சங்கதி, அவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை என்பது. குறையாமலே உடம்பு தேறியது. உன் மனைவி ஆறு மாதம் நடந்து ஒரு கிலோதான் இறங்கினாள் என்றால், “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிடாதே. சர்க்கரை என்ன சொல்கிறது, பிரஷர் என்ன சொல்கிறது, படியேறும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று கேள்.

இனி, குரலைத் தாழ்த்திக்கொண்டு நீங்கள் சொல்கிற அந்த இன்னொரு விஷயம். “ஆசை குறைஞ்சுபோச்சு நர்சம்மா.” இதைச் சொல்ல வெட்கப்படாதே. ஆனால் சொன்னதோடு நிறுத்தாமல் யோசி. நடுவில் பிள்ளை படுத்திருக்கிறது. இரண்டு பேருக்கும் தூக்கம் போதவில்லை. பகலில் பேசிய பேச்சு இன்னும் ஆறவில்லை. அவள் விளக்கை அணைக்கச் சொல்கிறாள், புடவையை இழுத்து மூடிக்கொள்கிறாள், ஏனென்றால் நீ பார்த்த பார்வை அவளுக்கு மறக்கவில்லை. இவ்வளவும் சேர்ந்ததை நீ எடை என்று ஒரே பெயரிட்டு அழைக்கிறாய். என் அனுபவத்தில், எடையைப் பற்றி மிகவும் கோபப்படுகிறவனுக்கு வேறு ஏதோ கோபம் உள்ளே இருக்கும். கடனோ, மாமனார் வீட்டுப் பேச்சோ, தனக்கே வயசாகிறது என்ற பயமோ. அதைத் தேடி எடு. எதிர்பார்ப்பு இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழகு, கால் வலித்தால் பிடித்துவிடு, சேலை நன்றாயிருந்தால் வாய்விட்டுச் சொல். அப்படியும் மனம் விலகியே நின்றால் இரண்டு பேரும் சேர்ந்து போய் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் வந்துவிடும். தைராய்டுக்கு ரத்தம் கொடுக்க இறங்குகிற மாதிரி இதற்கும் இறங்கலாம்.

கடைசியாக உங்கள் அம்மா. கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் முன்னால், “இவளுக்கு இன்னொரு இட்லி வேணாம், ஏற்கெனவே ஊதிப்போய்க் கிடக்கா” என்று அவர் சொல்வார். கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டார், பழக்கம். உன் மனைவி இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். அப்போது நீ இலையைப் பார்த்துக் குனியக் கூடாது. ராத்திரி அறைக்குள் வந்து “அம்மா சொன்னதை மனசுல வெச்சுக்காத” என்பதும் உதவாது, நேரம் கடந்துவிட்டது. பந்தியிலேயே, அதே நாலு பேர் காதில் விழும்படி, சண்டை போடாமல், சிரித்து மழுப்பாமல் சொல்ல வேண்டும்: “அம்மா, அந்தப் பேச்ச விடுங்க. அவ சாப்பிடட்டும்.” சொல்லிவிட்டு, இட்லி வாளியோடு வருகிற பையனைக் கூப்பிட்டு அவள் இலையில் வைக்கச் சொல்.