வேர் தருவதும் வெயில் தருவதும்

தேயிலை ஒரு மரத்தின் இலை என்றால் பலர் வியப்பர். கவாத்துச் செய்யாது விட்டால் ஓங்கி வளரும் மரமே அது. கொழுந்து பறிப்பவர் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே அதனை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கின்றனர். 1861-இல் இந்தியாவின் முதல் தேயிலை ஏலம் நடைபெற்ற கொல்கத்தாவில் நெடுங்காலமாக வாழ்பவன் யான். ஆதலின் இவ்விலையின்பால் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

ஒரு தாய்ச்செடியின் கிளைத்துண்டுகளைப் பதியனிட்டு, சிலவற்றை மலையிலும் சிலவற்றைச் சமவெளியிலும் நட்டால், வித்து ஒன்றே ஆயினும் சுவை ஒன்றாக இராது. காரணம் யாது? தேயிலைக்கு இன்சுவை தரும் தியனின் என்னும் பொருள் பெரும்பாலும் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகின்றது. இலைமேல் வெயில் மிகுந்தால் அது சிதைந்து, துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் உருவாகத் துணை செய்கின்றது. நிழல் மிகுந்தால் தியனின் இலையிலேயே தங்குகின்றது. ஜப்பானியர் 'கியோகுரோ' என்னும் உயர்வகைத் தேயிலைக்காகப் பறிப்புக்கு ஏறத்தாழ 20 நாள் முன்பே செடிகளுக்குப் பந்தலிட்டு வெயிலை மறைப்பது இதனாலேயே.

டார்ஜீலிங்கின் கதை இன்னும் சுவையானது. சீனத்து வழிவந்த விதைகள் அங்கே 1841-இல் ஊன்றப்பெற்றன. குளிரும் பனிமூட்டமும் சூழ்ந்த சரிவுகளில் கொழுந்து மெல்ல வளர்கின்றது. மே, ஜூன் மாதங்களில் தத்துப்பூச்சிகள் அதன் சாற்றை உறிஞ்சுகின்றன. தாக்குண்ட இலை தன்னைக் காத்துக்கொள்ளப் புதிய நறுமணப் பொருள்களை உண்டாக்குகின்றது. உலகம் போற்றும் 'மஸ்கட்டல்' என்னும் திராட்சை மணத்தில் இப்பூச்சிக்கும் பெரும்பங்கு உண்டு. வந்தேறிய அச்செடியின் இலை, 2004-இல் அம்மலையின் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது என் பேத்தியின் நினைவு வருகின்றது. கொல்கத்தாவில் பிறந்த அவளது தமிழில் வங்க மொழியின் இசை ஏறியிருக்கின்றது. ஊரிலிருந்து வரும் உறவினர் அதனைக் கேட்டு நகைப்பர். 'தமிழ் கெட்டுவிட்டதே' என்று வருந்துவோரும் உளர். எனக்கும் ஓர் அச்சம் உண்டு. ஆனால் அஃது அவளுடைய இசையைப் பற்றியது அன்று. என் காலத்துக்குப் பின் அவளிடம் தமிழ் எஞ்சுமா என்பதே.

மனிதர் இலைகள் அல்லர். இவ்வுவமைக்கும் எல்லை உண்டு. எனினும் தேயிலை எனக்கு ஒன்றை உணர்த்தியது. வெயில் தியனினை மாற்றுகின்றது, உண்மையே. ஆனால் வேர் அனுப்பினால் அன்றோ வெயில் மாற்றுவதற்கு ஒரு பொருள் இருக்கும்? வந்த மண்ணின் வெயிலையும் பனியையும் நாம் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. அவை புதிய மணத்தையும் தரக்கூடும். வேரின் வேலை மட்டுமே நம்முடையது.

ஆதலின் அவளுடைய ஒலிப்பை யான் திருத்த முற்படுவதில்லை. இரவுதோறும் ஒரு கதை சொல்லுகின்றேன். அவள் வங்க இசையிலேயே அதனைத் தன் தம்பிக்குத் திருப்பிச் சொல்லுகின்றாள், தமிழில்.