அந்தத் தம்பி சொல்ல வந்ததைக் கேட்டிருக்கலாம்



விடுமுறையில் எங்கள் பைக் ஒன்று பட்டா லொறியில் ஏறி ஊர் வந்ததைப் பலர் கண்டீர்கள். "சேர்மார் எங்க போய் விழுந்தீங்க?" என்று தேத்தண்ணிக் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறோம். இதில் எங்கள் பிழைதான் கூட.

நாங்கள் மூன்று பேர். ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். பைக்கில் மலைநாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது பழைய ஆசை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதோடு புதுப் பைக் கனவு போனது. 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் அடித்த நாட்களில் மகியங்கனையை நினைக்கவே ஏலாது. கடைசியில் இருக்கிற பழைய 150 சீசீ பைக்குகளிலேயே போவதென்று முடிவெடுத்தோம். கடையில் காவல் சாமான்களின் விலையைக் கேட்டுவிட்டு, அவற்றை நாங்களே செய்வோம் என்றும் முடிவெடுத்தோம்.

ஹேண்ட் கார்ட் சுலபமாக முடிந்தது. 20 லீற்றர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை வெட்டி, கொதிநீரில் போட்டு இளக்கி வளைத்தோம். சோறாக்கும் பெரிய சட்டியை எடுத்ததற்கு வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக் கதை. பூட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தோம். ஒரு பக்கம் டேங்கில் முட்டியது. அதை அப்படியே விட்டிருந்தால் முதல் வளைவிலேயே விழுந்திருப்போம். எஞ்சினுக்கு அடியில் 4 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு. ஒயில் கழற்றும் நட்டுக்கு நேரே ஓட்டை, காற்றுப் போக இடைவெளி. அதுவும் சரியாக வந்தது.

பிழைத்தது கிராஷ் பார்தான். விழுந்தால் எஞ்சினையும் காலையும் காக்கும் அந்த இரும்பு வளையத்துக்கு வெல்டிங் வேண்டும். எங்களிடம் படித்த தம்பி ஒருவர் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். ஓஎல்லில் கணிதம் தவறியவர். எங்களில் ஒருவர்தான் அவருக்குக் கணிதம் படிப்பித்தவர்.

அவர் 25 மில்லிமீற்றர் கறுப்புப் பைப் கேட்டார். நாங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பதித்து மிஞ்சிய ஒரு இஞ்சி ஜீஐ பைப்பைக் கொண்டுபோய்ப் போட்டோம். வெளி விட்டம் 33 மில்லிமீற்றர், கனம் 3 மில்லிமீற்றருக்கும் மேல்.

"சேர், இது கட்டி கூட. முன்னால குறுக்குக் கம்பி ஒண்டும் போட்டா..." என்று தொடங்கினார்.

"கட்டி கூடினா நல்லதுதானே மகன்! குறுக்குக் கம்பி வேணாம், வடிவில்ல. சொன்ன மாதிரிச் செய்" என்றோம்.

தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். பைப் நசுங்காமல் வளைய உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, சூடாக்கி வளைத்தார். இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒரே வளைவு. அன்றிரவு அவருக்குக் குளிரும் காய்ச்சலும். ஜீஐ பைப்பில் பூசியிருக்கும் நாகம் வெல்டிங் சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் அப்படிக் காய்ச்சல் வரும். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவரும் எங்களில் ஒருவர்.

அம்பாறை, உகன, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை. யானைக்குப் பயந்து விடிந்த பிறகே அந்தப் பாதையில் ஓடினோம். மகியங்கனை தாண்டி கண்டி ரோட்டில் 18 வளைவு ஏறும்போது மழை பிடித்தது. ஒரு வளைவில் மேலிருந்து கழுவி வந்த மணல் கிடந்தது. முன்னால் போன கணித சேரின் பைக் இடப்பக்கம் சரிந்தது. வேகம் இல்லை, நடக்கிற வேகம்தான். கால் அந்த வளையத்துக்குள் இருந்ததால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஹெல்மட் ரோட்டில் இடித்தது. நாடிப்பட்டி பூட்டியிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை.

பைக்கைத் தூக்கியபோது பைப்பில் ஒரு கீறல் மட்டும். "பாத்தீங்களா, கட்டி!" என்று சிரித்தோம். பிறகுதான் எஞ்சின் ஆடுவதைக் கண்டோம். கிராஷ் பார் பூட்டிய இடத்தில் எஞ்சினின் அலுமினியக் காது வெடித்திருந்தது.

லொறியில் வந்த பைக்கை நேராக அந்தத் தம்பியின் கடையில்தான் இறக்கினோம். வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சோக்குக் கட்டியை எடுத்து நிலத்தில் கீறிக் காட்டினார். பைப் வளையாவிட்டால் அடி முழுக்க அது பூட்டிய இடத்துக்குப் போகும். குறுக்குக் கம்பியும் இல்லையென்றால் அந்த ஒரு பக்கத்து நட்டே முழுதையும் தாங்க வேண்டும். நாங்கள் கரும்பலகையில் கீறும் நெம்புகோல் படம்தான் அது.

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகன்?"

"சொல்ல வந்தன் சேர். நீங்க கோவிப்பீங்க எண்டு விட்டுட்டன். கிளாஸ்லயும் அப்படித்தானே."

எங்களுக்குக் கதை வரவில்லை. கேள்வி கேட்டவனை "முதல்ல கணக்கச் செய், பிறகு கேள்" என்று உட்கார வைத்தவர்கள் நாங்கள். அவர் அதை மறக்கவில்லை. ஆனாலும் எங்களுக்குத் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார்.

காதை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டினோம். கிராஷ் பாரை அவர் சொன்னபடி புதிதாகச் செய்தார். 2 மில்லிமீற்றர் கனமுள்ள கறுப்புப் பைப், முன்னால் குறுக்குக் கம்பி, மேலே பிரேமில் ஒரு கிளாம்ப். பூட்ட 8.8 என்று அடித்த நட்டு. இனி விழுந்தால் பைப் வளையும். வளைந்த பைப்பை மாற்றலாம், எஞ்சினை மாற்ற ஏலாது.

பைக்குக்கு இப்படிச் செய்ய நினைக்கிற தம்பிமார் ஜீஐ பைப்பைக் கொண்டுபோய் வெல்டிங்காரரின் நெஞ்சைக் கெடுக்க வேண்டாம். பைப்பைக் கழற்றி வைத்தே ஒட்டுங்கள். பைக்கில் வைத்துத்தான் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். எந்தக் காவலும் ஹெல்மட்டுக்கு ஈடில்லை. அளவைச் சொல்லுமுன் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று வேலை செய்பவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

தவணை தொடங்கியதும் இதை வகுப்பிலும் செய்து பார்க்கப் போகிறோம். அடுத்த விடுமுறையில் 18 வளைவையும் ஏறி முடிக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். இந்த முறை அந்தத் தம்பியும் வருகிறார். துஆச் செய்யுங்கள்.