மூணு மணிக்குப் பூ வந்துரும்

அக்காவுக்கு வீடு பார்த்துக் கொடுத்த மூன்றாவது வாரம், நண்பனை சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு பதினொன்றரை இருக்கும். பாரிமுனைப் பக்கம் வண்டியைத் திருப்பியபோது, மூடிய கடை ஷட்டர்களுக்கு முன்னால், பழைய இடத்தில், அதே நீலத் தார்ப்பாயின் மேல் அவர் படுத்திருந்தார். தலைக்கடியில் அதே மூட்டை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நண்பர்கள் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் ஐ.டி. ஆட்கள். ஆதார், ரேஷன் கார்டு விண்ணப்பங்களை நிரப்பித் தருவதில் ஆரம்பித்தது. அக்கா அந்த நடைபாதையிலேயே பிறந்தவர். அவருடைய அம்மாவும் அங்கேயேதான் பூ கட்டி விற்றார். ஒரு மழைக்காலத்தில், முழங்கால் தண்ணீரில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் இரவு முழுக்க நின்றதைப் பார்த்த பிறகு, நாங்கள் பணம் போட்டு வீடு பிடிப்பது என்று முடிவானது.

சென்னையில் வீடு தேடுவது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பேச்சிலராக நானும் அலைந்திருக்கிறேன். 'நீங்க என்ன ஆளுங்க' என்பதை எத்தனை விதமாக நயந்து கேட்க முடியும் என்று அப்போதே படித்தாயிற்று. ஆனால் அக்காவுடன் போனபோது வேறொரு கேள்வி வந்தது: "இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தீங்க?" இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு தெருவின் பெயர் இருந்தது, கதவு எண் இல்லை. "பாரிஸ் பக்கம்" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். பொய்யில்லை. அப்படியும் நான்கு இடங்களில் அவர் கையிலிருந்த கட்டைப் பையைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

2017-இன் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதபட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. நடைமுறையில் எல்லா ஒப்பந்தமும் வேறுவிதமாகத்தான் சொல்கிறது. தினசரி முந்நூறு ரூபாய் மிஞ்சுகிற ஒருவருக்கு மாத வாடகை கஷ்டம், ஆனால் எப்படியாவது புரட்டிவிட முடியும். அட்வான்ஸ்தான் சுவர். நடைபாதையில் இருப்பவர்கள் வாடகைக்குப் போக முடியாததற்கு இந்த மொத்தத் தொகையும் ஒரு காரணம்.

நான் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். வாடகை, சதுர அடி, தண்ணீர், கழிப்பறை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். வியாசர்பாடி வீடு முதலிடத்தில் வந்தது. தனிக் கழிப்பறை, நாலாயிரம் வாடகை. வீட்டுக்காரர் கேட்டபடி ஒப்பந்தம் என் பெயரில் போட்டோம். சாவியை அக்காவின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். ஆபீசில் ஒரு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணும்போது வருகிற அதே நிம்மதி.

இப்போது அவர் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

"இன்னா தம்பி, இந்நேரத்துக்கு?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"வீடு என்னாச்சுக்கா?"

"வூட்டுக்கு இன்னா? நல்லாத்தான் கீது." முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் காட்டினார், தொலைக்கவில்லை என்பதுபோல. "மூணு மணிக்குப் பூ வந்துரும் தம்பி. அந்நேரத்துக்கு அங்கருந்து எப்டி வர்றது? ஆட்டோக்காரன் நூத்தம்பது கேக்குறான். எனக்கு நிக்கிறதே முந்நூறு."

கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரில அங்க ஒரே அமைதி" என்றார். "இங்கன்னா பக்கத்துல நாலு பேரு இருமுறது கேக்கும். எவனாச்சும் வந்து நின்னா எவளாச்சும் ஒருத்தி குரல் குடுப்பா. அங்க செத்துக் கெடந்தாக்கூட நாத்தம் வந்தாத்தான் தெரியும்."

"அப்போ வீடு வேணாமாக்கா?"

"வேணாம்னு எவ சொன்னா? எங்க வேணும்னு என்னைய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. என் ஷீட்டில் பதினொரு காலம் இருந்தது. அவர் வேலைக்கு எத்தனை மணிக்குப் போகிறார் என்பதற்கு ஒன்று இல்லை.

வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. என் ஆபீஸ் ஓ.எம்.ஆரில். போகிற வழியில்தான் கண்ணகி நகர். 2000-ஆம் ஆண்டிலிருந்து, நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை அரசு அங்கே குடியேற்றியது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கான்கிரீட் வீடுதான், கதவு உண்டு. ஆனால் வீட்டு வேலையும் மார்க்கெட் வேலையும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. வேலைக்காகப் பழைய இடத்துக்கே திரும்பியவர்கள் உண்டு. இதையெல்லாம் நண்பர்களிடம் ஆவேசமாகப் பேசியவன் நான். அரசு பெரிய அளவில் செய்ததை, அன்பாக, சின்ன அளவில் நானும் செய்திருந்தேன்.

1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிழைப்பு அருகில் இருப்பதால்தான் அவர்கள் நடைபாதையில் இருக்கிறார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அதே தீர்ப்பு, முறையாக நோட்டீஸ் கொடுத்து அவர்களை அகற்றலாம் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் படித்திருந்தேன். படித்ததை ஷீட்டில் ஒரு காலமாகச் சேர்க்கத்தான் தோன்றவில்லை.

'முதலில் வீடு' என்ற வழிமுறை பற்றியும் படித்திருந்தேன். நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. அதுவரை அங்கே தெருவில் இருப்பவர் முதலில் காப்பகத்துக்குப் போக வேண்டும், குடியை நிறுத்த வேண்டும், சிகிச்சை பெற வேண்டும். படிப்படியாகத் தேறினால் கடைசியில் வீடு. செம்பெரிஸ் அதைத் திருப்பிப் போட்டார்: நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. 2008-இல் பின்லாந்து இதைத் தேசியத் திட்டமாக்கி, பழைய விடுதிகளை அடுக்குமாடி வீடுகளாக மாற்றியது. குடியிருப்பவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம்.

இதில் 'வீட்டை முதலில் கொடு' என்கிற பாதிதான் என் தலையில் ஏறியிருந்தது. எந்தத் தெரு, எப்படிப்பட்ட வீடு என்பதை அதில் வாழப்போகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும், குடிபோன பிறகும் உடனிருக்க ஆள் வேண்டும் என்பது மறுபாதி. அது இல்லாமல் முதல் பாதி வெறும் சாவி.

அடுத்த முறை அக்காதான் வீடு தேடினார். நான் பின்னால் போனேன். ஏழுகிணறு பக்கம் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஆயிரம் ரூபாய் கூடுதல், பாதி அளவு, கழிப்பறை பொது. என் ஷீட்டில் கடைசி வரிசைக்குப் போயிருக்கும். ஆனால் பூக்கடைக்கு நடந்து போகலாம். நடைபாதையில் பத்து வருடமாகப் பக்கத்தில் படுத்த இன்னொரு அக்காவும் கூட வருவதாகச் சொன்னார். வாடகையில் பாதி அவர்கள் இருவரும், ஒரு வருடத்துக்கு மீதி நாங்கள். வருடம் முடிந்ததும் என்ன என்பதற்கு இன்னும் பதில் இல்லை. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்பது பேச்சு.

ஒப்பந்தம் இந்த முறை அக்கா பெயரில். கையெழுத்துப் போடும் முன், எழுதியிருப்பதை முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார். 'வாடகைதாரர்' என்று வந்த இடத்தில் நிறுத்தி, "அது நானா?" என்றார்.

முதல் சில வாரங்கள் அப்போதும் நடைபாதைக்குப் போய்ப் படுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள், பிறகு ஒரு நாள். நான் கேட்கவில்லை.

போன மாதம் மதியம் ஒரு நாள், மின்சாரப் பில் விஷயமாக வரச் சொல்லியிருந்தார். மாடியேறிக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"இரு தம்பி, குளிச்சிட்டு இருக்கிறவ மாதிரி ஈரத்தலையோட கீறேன். வர்றேன்."

அவர் தூங்கும்போது, சாப்பிடும்போது, தலை துவட்டும்போது என்று ஒரு வருடம் நினைத்த நேரத்துக்கெல்லாம் போய் எதிரில் நின்றிருக்கிறேன். வரலாமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க அங்கே ஒரு கதவு இருந்ததில்லை.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் வரும்வரை, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.