பிடிக்குள் போகும் காம்பு

"அலகு கெடக்குதுங்க, காம்பப் பாருங்க" என்பார் பேரூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஆசாரி. அப்பா கொடுவாள் அடிக்கக் கொடுக்கும்போதெல்லாம் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். லாரிப் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, உலையில் சிவக்கவிட்டு அடிப்பார். உருவம் வந்ததும் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் ஒரு முக்கு. முதுகில் சூடு அப்படியே இருக்கும். வாயைக் கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்ப்பார். முதுகுச் சூடு இறங்கி வர வர அந்தப் பளபளப்பில் வைக்கோல் நிறம் ஏறும். அது பழுப்பாகி நீலத்துக்குத் திரும்புமுன் மறுபடி தண்ணீர். தாமதித்தால் வாய் மடங்கும், அவசரப்பட்டால் தெறிக்கும். அப்புறம் காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்குவார். புகை கண்ணைக் கரிக்கும்.

பேரூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றோடு கிழக்கே போனால் சென்னிமலைப் பக்கம் கொடுமணல். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் எஃகு செய்த தடயங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய தொழில். ஆசாரியிடம் சொல்லியிருந்தால், "அப்பவே லாரிப் பட்டை கெடச்சுதுங்களா?" என்று கேட்டிருப்பார்.

பிடிக்கு எந்த மரம் என்பதில் அவருக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம் ஓயாது. அவர் வேல மரம் என்பார், அப்பா ஈட்டி என்பார். ஈட்டியை நான் முதலில் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டது கோவை ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில், 1902-இல் தொடங்கிய கேஸ் வன அருங்காட்சியகத்தில். அங்கே வரிசையாக வைத்திருக்கும் மர மாதிரிகளைப் பார்த்தால் எதைச் செதுக்கினாலும் ஒரு பிடி வரும் போலத்தான் தோன்றும். 1912-இல் வனக் கல்லூரியும் வந்துவிட்டது. ஊருக்கு நடுவில் காட்டுப் படிப்பு.

காடு என்றதும் தங்கச்சி மகன் ஞாபகம். கேம்பிங் பைத்தியம். கைபேசியில் அவன் காட்டிய கத்திகள் எல்லாம் சினிமாவுக்கு அடித்தவை: ஆறு மில்லிமீட்டர் கனம், முதுகில் ரம்பப் பல். "இதுல வெங்காயம் அரிஞ்சா நசுங்கும், கண்ணு" என்றேன். குச்சி சீவ, கயிறு அறுக்க, காய் நறுக்க நாலு அங்குல அலகு போதும். கனம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. விறகு பிளக்கத்தான் தோட்டத்தில் கொடுவாள் இருக்கிறதே. ஒரே கத்தி எல்லாம் செய்ய வேண்டும் என்கிற பிடிவாதம் எனக்குப் புரிவதில்லை.

காம்பு பிடியின் கடைசிவரை ஓடினால்தான் வாங்குவேன் என்றான். ஆசாரியும் அதைத்தான் சொல்வார். ஆனால் ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்தியில் பல வகைகளுக்கு அது பாதியோ முக்காலோதான் போகிறது. பிளாஸ்டிக் பிடி வேறு. கட்டையால் அடித்து விறகு பிளக்காதவரை அதற்கு ஒன்றும் ஆவதில்லை. வாயின் சரிவு அகலமாக, ஒரே தட்டையாக இருப்பதால் சாணைக்கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்க்கலாம். புதிதாகப் பழகுகிற கைக்கு இதைவிடச் சுலபம் இல்லை.

ஆனைமலைச் சரணாலயத்து டாப்சிலிப்புக்கு எடுத்துப்போகப் போகிறேன் என்றபோதுதான் தடுத்தேன். 1972-ஆம் வருச வன உயிரினச் சட்டம் ஆயுதம் என்று அடுக்குகிற பட்டியலில் துப்பாக்கி, கண்ணி, வலையோடு கத்தியும் இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்காமல் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கத்தி தோட்டத்துக் கூடாரத்தோடு நிற்கட்டும்.

கடைசியில் கார்பன் எஃகில், தோல் உறையோடு ஒன்று வாங்கிவந்தான். தென்மேற்குப் பருவக் காற்றில் இங்கே தோல் ஈரம் குடிக்கும், அலகு துருவேறும். தேங்காயெண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வை என்றேன்.

"உறைக்கும் சேர்த்துத்தானுங்க மாமா காசு குடுத்தேன்" என்றான்.